பிள்ளை பேஸில் நிற்கும்போது: சாஃப்ட்பால் ஓட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாலஸ் பக்கம் நம் ஊர்ப் பெண் பிள்ளைகள் நிறையப் பேர் பேஸ்பால் மாதிரியான சாஃப்ட்பால் ஆட வந்துவிட்டார்கள். என் மகளின் அணிக்கு நான் நான்கு வருஷமாக ஃபர்ஸ்ட் பேஸ் கோச்சாக நிற்கிறேன். ஆட்டம் முடிந்து தண்ணீர் பாட்டிலை எடுக்கப் போனால் போதும், யாராவது ஒரு அம்மாவோ அப்பாவோ வந்து "அக்கா, அவளை ஏன் அவுட் குடுத்தாங்க?" என்று கேட்பார்கள். முக்கால்வாசி ஒரே கேள்விகள்தான். எல்லாரும் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள் என்பதால் சந்தேகமும் ஒரே இடத்தில்தான் வருகிறது. அதனால் எல்லாவற்றையும் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி வைத்துவிட்டேன். ஆட்டமே புதிது என்பவர்களுக்கு: பந்து போடுகிறவள் பிட்சர், பேட்டருக்குப் பின்னால் நம் கீப்பர் மாதிரி இருப்பவள் கேட்சர். பேட்டர் அடித்துவிட்டு ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் என்று மூன்று பேஸையும் தொட்டு, அடித்த இடமான ஹோம் பிளேட்டுக்குத் திரும்பினால் ஒரு ரன். பேஸில் இருப்பவள் ரன்னர், மூன்று அவுட் ஆனால் இன்னிங்ஸ் முடிந்தது.

ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். கீழே இருப்பவை யூஎஸ்ஏ சாஃப்ட்பால் என்ற அமெரிக்க அமைப்பின் ஃபாஸ்ட்பிட்ச் (பந்தை வேகமாகப் போடும் வகை) விதிகளை ஒட்டியவை. லிட்டில் லீக் (பிள்ளைகளுக்கான இன்னொரு அமைப்பு), பள்ளி ஆட்டம், உங்கள் ஊர் லீக் என்று ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் மாறும், அதிலும் 8யூ, 10யூ (8, 10 வயதுக்கு உட்பட்ட) பிள்ளைகளுக்கு உள்ளூர் விதிகள் நிறைய இருக்கும். சீசன் தொடங்கும்போது தரும் விதித்தாளை ஒருமுறை படித்துவிடுங்கள்.

பந்து போடறதுக்கு முன்னாடியே பேஸ விட்டு ரெண்டு அடி தள்ளி நிக்கலாம்ல? டிவில பேஸ்பால்ல அப்படித்தானே நிக்கறாங்க?

கூடாது. பேஸ்பாலுக்கும் சாஃப்ட்பாலுக்கும் ஓட்டத்தில் இருக்கிற முதல் வித்தியாசமே இதுதான். பிட்சரின் கையை விட்டுப் பந்து வெளியேறும் வரை ரன்னரின் கால் பேஸில் இருந்தே ஆக வேண்டும். அதற்கு முன் கால் எடுத்தால் அம்பயர் உடனே ஆட்டத்தை நிறுத்துவார், அந்தப் பந்து கணக்கில் வராது, ஓடியவள் அவுட். அந்தப் பந்தை பேட்டர் அடித்து வெளியே அனுப்பியிருந்தாலும் செல்லாது. பேட்டரின் நல்ல அடி ஒன்று இப்படிப் போவதைப் பார்த்தால் வயிறு எரியும்.

காரணம் தூரம்தான். இங்கே பேஸுக்கும் பேஸுக்கும் 60 அடி, பெரியவர்களின் பேஸ்பாலில் 90 அடி. 60 அடியில் இரண்டு அடி முன்னாலேயே போய் நிற்க விட்டால் எந்தக் கேட்சராலும் யாரையும் பிடிக்க முடியாது.

அப்போ கரெக்டா எப்ப கிளம்பணும்? அவ்வளவு தூரத்துல இருந்து கைய விட்டுப் பந்து வர்றது தெரியுமா?

பந்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் தாமதம்தான். பிட்சரின் கை ஒரு முழு வட்டம் சுற்றி, இடுப்புக்குப் பக்கத்தில் வரும்போது பந்து விடுபடும். அந்தக் கையைத்தான் பார்க்க வேண்டும். நாங்கள் சொல்லிக் கொடுப்பது இப்படி: இடது காலைப் பேஸின் விளிம்பில் ஊன்றி, வலது காலைப் பின்னால் வைத்துக்கொள். கை தலைக்கு மேல் போகும்போது உடம்பு பின்னாலிருந்து முன்னால் வர ஆரம்பிக்கட்டும். கை இடுப்பைக் கடக்கும்போது வலது கால் முன்னால் விழ வேண்டும், இடது கால் கடைசியாகத்தான் பேஸை விட வேண்டும்.

ஸ்டீல், அதாவது பேட்டர் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடுவது, செய்தாலும் செய்யாவிட்டாலும் ஒவ்வொரு பந்துக்கும் இதைச் செய்ய வேண்டும். மூன்று எட்டு வேகமாக எடுத்து, முழங்காலை மடக்கி நின்று, பந்து எங்கே போனது என்று பார்க்க வேண்டும். கேட்சர் பிடித்துவிட்டாளா, திரும்பி வா. கேட்சரிடம் பட்டுத் தெறித்து உருண்டதா, போ. நிறையப் பிள்ளைகள் முதல் இரண்டு பந்துக்குச் செய்துவிட்டு மூன்றாவது பந்துக்கு இடுப்பில் கை வைத்து நிற்பார்கள், சரியாக அந்தப் பந்துதான் கேட்சரைத் தாண்டிப் போகும்.

சில சமயம் பேஸ மிதிச்சாலே அவுட்டுங்கறாங்க, சில சமயம் ஆளத் தொடணும்ங்கறாங்க. என்ன கணக்கு இது?

பின்னால் ஒருத்தி வருவதால் அவளுக்கு இடம் விட்டே ஆக வேண்டும் என்றால் அது ஃபோர்ஸ். ஃபர்ஸ்ட் பேஸில் உங்கள் பெண் நிற்கிறாள், பேட்டர் பந்தைத் தரையில் அடித்துவிட்டு ஃபர்ஸ்டுக்கு ஓடி வருகிறாள் என்று வையுங்கள். உங்கள் பெண் செகண்டுக்குப் போயே ஆக வேண்டும். அப்போது பந்தை வைத்திருப்பவள் செகண்ட் பேஸை மிதித்தாலே போதும், அவுட். ஃபர்ஸ்ட் காலியாக இருந்து அவள் செகண்டில் மட்டும் நின்றால் அவளை யாரும் தள்ளவில்லை, அவள் போக வேண்டிய கட்டாயமும் இல்லை. அவளைப் பந்தோடு தொட்டால்தான் அவுட்.

பின்னால் வருகிறவள் அவுட் ஆகிவிட்டால் முன்னால் இருப்பவளின் கட்டாயமும் அந்த நொடியே போய்விடும். இதை ஒருமுறை மனதில் ஏற்றிக்கொண்டால் பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும்.

ஃபர்ஸ்ட் பேஸ்ல மட்டும் ஏன் தாண்டி ஓடலாம்? அங்க ரெண்டு கலர்ல பேஸ் ஏன் இருக்கு?

பேட்டராக ஓடி வருபவள் ஃபர்ஸ்டை மிதித்துவிட்டுத் தாண்டிப் போனால் அவளைத் தொட்டு அவுட் ஆக்க முடியாது, நேராகத் திரும்பி வந்தால் சரி. செகண்டிலும் தேர்டிலும் இந்தச் சலுகை கிடையாது. தாண்டிய பிறகு இடது பக்கம் திரும்பினாலே அவுட் என்று ஒரு நம்பிக்கை உலாவுகிறது, அது தவறு. எந்தப் பக்கம் திரும்பினாலும் பரவாயில்லை, செகண்டுக்குப் போக முயற்சி செய்தால் மட்டும்தான் தொட்டு அவுட் ஆக்கலாம்.

வெள்ளைப் பேஸ் பந்து பிடிப்பவளுக்கு, வெளிக்கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆரஞ்சுப் பேஸ் ஓடி வருபவளுக்கு. இரண்டு பேரும் மோதி, கணுக்காலில் மிதிபடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. அவளை அவுட் ஆக்க ஃபர்ஸ்டுக்குப் பந்து வரும்போது ஆரஞ்சை மிதிக்க வேண்டும். ஒருமுறை வந்து சேர்ந்த பிறகு வெள்ளைதான் அவளுடைய பேஸ்.

பந்து பிட்சர் கைக்கு வந்துட்டா டெட் பால்தானே? அப்புறம் எப்படி அவுட் குடுக்கறாங்க?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். கிரிக்கெட்டில் பந்து கீப்பர் கையிலோ பவுலர் கையிலோ அடங்கிவிட்டால் டெட். அதே பழக்கத்தில் நாம் இங்கேயும் மூச்சு விட்டு உட்கார்ந்துவிடுகிறோம். சாஃப்ட்பாலில் பந்து டெட் ஆவதில்லை, அதற்குப் பதிலாக லுக்-பேக் என்று ஒரு விதி வேலை செய்ய ஆரம்பிக்கிறது. பிட்சரைச் சுற்றி 8 அடி ஆரத்தில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டிருப்பார்கள். அந்த வட்டத்துக்குள் பிட்சர் பந்தோடு இருக்கிறாள், பேட்டரும் ஃபர்ஸ்டைத் தொட்டுவிட்டாள் அல்லது அவுட் ஆகிவிட்டாள் என்றால் ரன்னர்கள் சும்மா தயங்கி நிற்கக் கூடாது. பேஸில் நிற்பவள் காலை எடுக்கக் கூடாது. நடுவில் இருப்பவள் ஒருமுறை நிற்கலாம், உடனே முன்னாலோ பின்னாலோ போக வேண்டும், போக ஆரம்பித்த பிறகு மனம் மாறக் கூடாது. மீறினால் அவுட்.

போன வசந்த காலத்தில் எங்கள் அணியில் ஒரு பிள்ளை தேர்டுக்கு அழகாகச் சறுக்கி வந்து சேர்ந்தாள். பந்து பிட்சரிடம் போய்விட்டது. இவள் எழுந்து, சாக்ஸுக்குள் போன செம்மண்ணைத் தட்ட பேஸிலிருந்து ஒரு எட்டு இந்தப் பக்கம் வந்து குனிந்தாள். அவுட். அம்பயர் சொன்னது சரிதான். "டைம்" என்று அம்பயரிடம் கேட்டு அவர் கையை உயர்த்திய பிறகு தட்டியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அன்றிலிருந்து எங்கள் பிள்ளைகள் எல்லாரும் மண்ணைத் தட்டும் முன் டைம் கேட்கிறார்கள்.

இதில் ஒரு திறப்பு உண்டு. வட்டத்துக்குள் இருக்கும் பிட்சர் ஒரு ரன்னரைக் குறிவைத்து எறிந்தாலோ, எறிவது போல் கையை ஓங்கினாலோ லுக்-பேக் விலகிவிடும், அப்போது யார் வேண்டுமானாலும் எந்தப் பக்கமும் ஓடலாம். வெறுமனே முறைத்துப் பார்த்தால் விலகாது. அப்புறம், கேட்சர் பந்தைத் திருப்பி எறிந்து அது இன்னும் காற்றில் இருக்கும்போது பிட்சரிடம் பந்து இல்லை, அதனால் அந்த நேரத்தில் கிளம்புவது முழுக்கச் சட்டபூர்வம். கேட்சர் அலட்சியமாக மெத்தென்று தூக்கிப் போடுகிறவளாக இருந்தால் புத்திசாலிப் பிள்ளைகள் அதில் ஒரு பேஸ் எடுத்துவிடுவார்கள்.

நாலு பால் வாக் கிடைச்ச பொண்ணு ஃபர்ஸ்ட்ல நிக்காம செகண்டுக்கு ஓடிட்டா. இது ஏமாத்து வேலை இல்லையா?

இல்லை. வாக் என்றால் பிட்சர் நாலு பந்தைத் தவறாகப் போட்டதால் பேட்டருக்கு அடிக்காமலே ஃபர்ஸ்ட் கிடைப்பது. ஃபாஸ்ட்பிட்சில் வாக் கொடுத்தாலும் பந்து உயிரோடுதான் இருக்கிறது. அவள் ஃபர்ஸ்டைத் தொட்டு, நிற்காமல் வளைந்து தொடர்ந்து ஓடினால் பிட்சர் கையில் பந்து இருந்தாலும் அது விதிக்கு உட்பட்டதே. ஃபர்ஸ்டில் நின்றுவிட்டுப் பிறகு கிளம்பினால்தான் அவுட்.

தேர்டில் ஒரு ரன்னர் இருக்கும்போதுதான் இதைப் பெரும்பாலும் செய்வார்கள். செகண்டுக்கு ஓடுகிறவளைப் பிடிக்கலாம் என்று பிட்சர் எறிந்தால் லுக்-பேக் போய்விடும், தேர்டில் இருப்பவள் ஹோமுக்கு ஓடலாம். எறியாவிட்டால் சும்மா ஒரு பேஸ் கிடைத்தது. ஆனால் தேர்டில் இருப்பவள்தான் இதில் தவறு செய்வாள்: பிட்சர் கையை ஓங்குவதற்கு முன்பே ஆசையில் காலை எடுத்துவிடுவாள், முந்தைய பதிலில் சொன்னபடி அவுட். அவள் கண் பந்தை விட்டு நகரக் கூடாது, தோழி ஓடுவதை வேடிக்கை பார்க்கவே கூடாது.

ஃப்ளை பால் மேல போனா என் பொண்ணு பாதி வழியில போய் முழிச்சுக்கிட்டு நிக்கறா. போறதா வர்றதா?

பந்தைப் பிடித்துவிட்டால் ரன்னர் தன் பழைய பேஸை மறுபடி தொட்டுவிட்டுத்தான் கிளம்ப முடியும். அதற்கு முன் பந்து அந்தப் பேஸுக்கு வந்துவிட்டால் அவளும் அவுட், ஒரே பந்தில் இரண்டு பேர் போய்விடுவார்கள். அதனால் இரண்டுக்குக் குறைவான அவுட் இருக்கும்போது: தேர்டில் நிற்பவள் பேஸுக்குத் திரும்பி, ஒரு காலை ஊன்றித் தயாராக இருக்கட்டும். ஃபர்ஸ்டில் நிற்பவள் பந்து பிடிபட்டால் திரும்பி வர முடிகிற தூரம் வரை போய் நிற்கட்டும், அந்தத் தூரம் பந்து எவ்வளவு ஆழத்தில் போகிறது என்பதைப் பொறுத்தது. செகண்டில் நிற்பவள்தான் சிக்கலான இடத்தில் இருக்கிறாள். ஆழமாகப் போனால் பேஸில் நிற்கலாம், கிட்டே விழுகிற மாதிரி இருந்தால் நடுவழி வரை போகலாம்.

பந்து கையுறையில் முதலில் பட்ட நொடியே கிளம்பலாம், கெட்டியாகப் பிடிக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு அவுட் ஆகியிருந்தால் எதையும் யோசிக்க வேண்டாம், பேட்டில் பட்ட சத்தம் கேட்டதும் ஓட வேண்டியதுதான். இடுப்புயரத்தில் நேராகச் சீறிப் போகிற லைன் டிரைவுக்கு மட்டும் வேறு பாடம், ஒரு நொடி உறைந்து நில். அது தாண்டிப் போவதைக் கண்ணால் பார்த்த பிறகு போ.

ஃபவுல் பக்கம் போன பந்தப் பிடிச்சாலும் ஓடலாமா?

ஓடலாம், ஃபவுல் கோட்டுக்கு வெளியே போனாலும் பிடித்தால் அது சாதாரண ஃப்ளை பால் மாதிரிதான். பிடிக்காமல் கீழே விழுந்தால் ஃபவுல், டெட், எல்லாரும் பழைய இடத்துக்கு. பேட்டில் லேசாக உரசி நேரே கேட்சர் கையுறைக்குள் போய்ப் பிடிபடும் ஃபவுல் டிப் வேறு, அது ஸ்ட்ரைக் (பேட்டருக்கு எதிரான கணக்கு, மூன்று ஆனால் அவுட்), பந்து உயிரோடுதான் இருக்கிறது, ஸ்டீல் செய்தவள் திரும்ப வேண்டாம்.

என் பொண்ணு நல்லா ஓடுவா. ஏன் அவளுக்கு எப்பவும் ஸ்டீல் சிக்னல் குடுக்க மாட்டேங்கறீங்க?

வேகம் பாதிதான். ஹோம் பிளேட்டிலிருந்து செகண்ட் பேஸ் வரை குறுக்கே 84 அடி 10 அங்குலம். பத்து வயதுக் கேட்சர் அந்தத் தூரத்தை ஒரே எறியில் நேராக அனுப்புவது கஷ்டம், அதனால் 10யூவில் ஓடினாலே கிடைத்துவிடும். 12யூ, 14யூ வரும்போது கேட்சரின் கை வளர்ந்துவிடும், அப்போது நல்ல வேகக்காரியும் அரை எட்டில் பிடிபடுவாள். ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் முன்னால் கேட்சர் செகண்டுக்கு ஒருமுறை எறிந்து பழகுவாள், அதை டக்அவுட்டில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். துள்ளித் துள்ளிப் போகிறதா, பேஸுக்கு எந்தப் பக்கம் விழுகிறது, யார் வந்து பிடிக்கிறாள்?

மற்றது ஆட்ட நிலை. ஐந்து ரன் பின்தங்கி இருக்கும்போது ஒரு பேஸுக்காக ஒரு அவுட்டைப் பணயம் வைப்பது வீண், நமக்கு அப்போது நிறையப் பேர் பேஸில் இருக்க வேண்டும். தேர்டை ஸ்டீல் செய்வதை நான் இன்னும் யோசித்துத்தான் செய்யச் சொல்வேன். கேட்சருக்கு அங்கே எறிய வெறும் 60 அடிதான், செகண்டில் இருப்பவளோ ஒரு நல்ல அடியிலேயே ஹோமுக்கு வந்துவிடக் கூடியவள். ஒரு அவுட்டுக்குக் குறைவாகவோ ஒரு அவுட்டிலோ தேர்டுக்குப் போனால் பயன் உண்டு, ஏனென்றால் ஒரு ஃப்ளை பாலிலோ கேட்சர் விட்ட பந்திலோ ரன் வரும். இரண்டு அவுட்டில் ஓடி மாட்டிக்கொண்டால் மனசு ஆறாது.

சறுக்கறது கட்டாயமா? முழங்கால் தோல் போயிடுதே.

கட்டாயம் இல்லை. ஆனால் பந்தோடு காத்திருப்பவள் மேல் நின்றபடியே மோதினால் அவுட், வேண்டுமென்றே மோதினால் ஆட்டத்தை விட்டே அனுப்பிவிடுவார்கள். அதனால் சறுக்கத் தெரிவது பாதுகாப்பும்கூட. லிட்டில் லீக்கில் மேஜர்ஸ் (12 வயது வரை) பிரிவு வரை உள்ள பிள்ளைகள் அடுத்த பேஸுக்குப் போகும்போது தலையை முன்னால் நீட்டிச் சறுக்கக் கூடாது, பழைய பேஸுக்குத் திரும்பும்போது மட்டும் பரவாயில்லை.

தோல் போவது பெரும்பாலும் பயந்து தாமதமாகச் சறுக்குவதால், அல்லது பக்கவாட்டில் முழங்காலை ஊன்றி விழுவதால். ஒரு காலை மற்றதன் அடியில் மடித்து, புட்டத்தின் மேல் உட்கார்ந்து வழுக்க வேண்டும், கைகள் மேலே. வீட்டுப் புல்வெளியில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி ஒரு மாலை பழகினால் பயம் போய்விடும், என் மகளுக்கு அப்படித்தான் போனது. சறுக்கும் முழங்கால் உறை ஒன்றும் வாங்கிக் கொடுங்கள்.

ரெண்டு பேரும் ஒரே பேஸ்ல வந்து நின்னுட்டாங்க. யார் அவுட்?

ஃபோர்ஸ் இல்லாவிட்டால் பேஸ் முன்னால் இருப்பவளுக்குச் சொந்தம், பின்னால் வந்தவளைத் தொட்டால் அவள் அவுட். ஃபோர்ஸ் இருந்தால் தலைகீழ், முன்னவள் இடம் விட்டிருக்க வேண்டும், அவளைத் தொட்டால் அவள்தான் அவுட். பிள்ளைகள் பதறிப்போய் இருவருமே இறங்கி ஓடிவிடுவார்கள், அதுதான் மோசம். முன்னவளை மட்டும் அசையாதே என்று பழக்குங்கள். இன்னொன்று, முன்னால் ஓடுகிற தோழியைத் தாண்டிப் போனால் தாண்டினவள் அவுட், ஹோம் ரன் அடித்தவளானாலும் சரி.

மூணாவது ஸ்ட்ரைக் ஆச்சு, அப்புறமும் அவ ஓடறா, எல்லாரும் ஓடுன்னு கத்தறாங்க. எப்படி?

மூன்றாவது ஸ்ட்ரைக்கைக் கேட்சர் சுத்தமாகப் பிடிக்காவிட்டால், ஃபர்ஸ்ட் பேஸ் காலியாக இருந்தாலோ இரண்டு அவுட் ஆகியிருந்தாலோ பேட்டர் ஓடலாம். சின்னப் பிள்ளைகள் பிரிவுகளில் பல லீக்குகள் இதை அனுமதிப்பதில்லை, கேட்டுக்கொள்ளுங்கள்.

பேஸில் நிற்பவர்களுக்கு இதில் இரண்டு பாடம். இரண்டு அவுட், மூன்று பேஸிலும் ஆள் இருக்கும்போது இப்படி நடந்தால் எல்லாருக்கும் ஃபோர்ஸ் வந்துவிடும், எல்லாரும் ஓட வேண்டும், கேட்சர் பந்தை எடுத்து ஹோம் பிளேட்டை மிதித்தாலே இன்னிங்ஸ் முடிந்தது. மாறாக, ஃபர்ஸ்டில் ஆள் இருந்து இரண்டுக்குக் குறைவான அவுட் என்றால் பேட்டர் ஏற்கெனவே அவுட். அவள் தெரியாமல் ஓடினாலும் ஃபர்ஸ்டில் நிற்பவள் அதைப் பார்த்துத் தானும் கிளம்பக் கூடாது, அவளை யாரும் தள்ளவில்லை.

பந்து கீழ விழுந்துச்சு, யாரும் பிடிக்கல, ஆனா பேட்டர் அவுட்டாம். அம்பயர் என்னமோ கத்துனாரே?

"இன்ஃபீல்ட் ஃப்ளை" என்று சொல்லியிருப்பார். ஃபர்ஸ்டிலும் செகண்டிலும், அல்லது மூன்றிலும் ஆள் இருந்து, இரண்டுக்குக் குறைவான அவுட் இருக்கும்போது, பேஸ்களை ஒட்டிய உள்மைதானத்தில் நிற்பவள் சாதாரணமாகப் பிடித்துவிடக் கூடிய ஃப்ளை பால் போனால், பிடித்தாலும் விட்டாலும் பேட்டர் அவுட். இல்லாவிட்டால் பந்தை வேண்டுமென்றே கீழே விட்டு, ஃபோர்ஸில் இரண்டு பேரைச் சுலபமாக எடுத்துவிடுவார்கள். இது ரன்னர்களைக் காப்பாற்ற வந்த விதி. பேட்டை வீசாமல் லேசாகத் தட்டும் பன்ட்டுக்கும் லைன் டிரைவுக்கும் பொருந்தாது.

பேட்டர் அவுட் என்றால் ஃபோர்ஸ் இல்லை. ஆகவே ரன்னர் ஓட வேண்டியதே இல்லை, பேஸிலேயே நின்றால் போதும். பந்து விழுந்ததைப் பார்த்துப் பெற்றோர் பக்கமிருந்து "ஓடு, ஓடு" என்று கத்துவதைக் கேட்டு ஓடிப்போய், நடுவில் தொடப்பட்டு அவுட் ஆன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து இந்த ஒரு இடத்திலாவது கத்தாதீர்கள்.

ஃபர்ஸ்ட்லயும் தேர்ட்லயும் ஆள் இருந்தா நீங்க எல்லாம் ஏன் அவ்வளவு பரபரப்பா ஆயிடறீங்க?

ஏனென்றால் அந்த நிலையில் எதிரணிக்கு நல்ல வழியே கிடையாது. ஃபர்ஸ்டில் இருப்பவள் செகண்டுக்கு ஓடுகிறாள். கேட்சர் செகண்டுக்கு எறிந்தால் தேர்டில் இருப்பவள் ஹோமுக்கு வரலாம். எறியாவிட்டால் செகண்ட் சும்மா கிடைத்தது, இப்போது ஒரே அடியில் இரண்டு ரன் வரக்கூடிய நிலை. நிறைய இளம் அணிகள் எறியாமல் விட்டுவிடுகின்றன.

தேர்டில் இருப்பவள் பார்க்க வேண்டியது கேட்சரின் கையை அல்ல, எறிந்த பந்தின் உயரத்தை. பிட்சரின் தலைக்கு மேலே போய்விட்டால் அது செகண்டுக்கு, கிளம்பலாம். தாழ்வாக வந்தால் பிட்சரோ, செகண்டுக்கும் தேர்டுக்கும் நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப்போ நடுவில் பிடித்து ஹோமுக்குத் திருப்பி எறிவதற்காகப் போட்ட வலை. ஃபர்ஸ்டில் இருப்பவள் செகண்டுக்கு முன்னால் பந்து வந்துவிட்டது என்று கண்டால் சறுக்கிப் போய்த் தானே மாட்டிக்கொள்ள வேண்டாம், நின்று, பின்வாங்கி, தன்னைத் துரத்த வைக்கட்டும். அவளைத் துரத்தும் ஒவ்வொரு நொடியும் தேர்டில் இருப்பவளுக்குத்தான். இரண்டு அவுட் இருக்கும்போது இது இன்னும் முக்கியம், ஏன் என்பது கடைசிக் கேள்வியில் வருகிறது.

வழியில நின்னு மறைச்சா அவ தப்பா, மோதினா எங்க பொண்ணு தப்பா?

பந்து யாரிடம், எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பேட்டர் அடித்த பந்தை எடுக்க ஒருத்தி முயன்றுகொண்டிருந்தால் வழி அவளுக்கு, ரன்னர்தான் சுற்றிப் போக வேண்டும், தெரியாமல் மோதினாலும் ரன்னர் அவுட். கையில் பந்தும் இல்லை, அடித்த பந்தை எடுக்கவும் இல்லை, ஆனால் பாதையை மறைத்து நிற்கிறாள் என்றால் அது அப்ஸ்ட்ரக்‌ஷன். அம்பயர் இடது கையைப் பக்கவாட்டில் நீட்டுவார், ஆட்டம் தொடரும், முடிந்த பிறகு ரன்னருக்குச் சேர வேண்டிய பேஸைக் கொடுப்பார். எந்த இரண்டு பேஸுக்கு நடுவில் மறைத்தாளோ அந்த இரண்டுக்கும் இடையில் ரன்னரைப் பொதுவாக அவுட் ஆக்க முடியாது. அதனால் மறைத்தார்கள் என்று நின்று புகார் சொல்லாமல் ஓட்டத்தைத் தொடர வேண்டும்.

அடித்த பந்து நேராக ரன்னரின் காலில் பட்டாலும், அவள் பேஸில் இல்லாமல் பந்து பிட்சரைத் தவிர உள்மைதான ஃபீல்டர் யாரையும் கடக்காத நிலையில் இருந்தால், அவள் அவுட். தரைப்பந்து அவளை நோக்கி வந்தால் பந்துக்குப் பின்னால் ஓடட்டும். தொடுவதற்குக் கை நீட்டும்போது தன் பாதையிலிருந்து 3 அடிக்கு மேல் விலகினாலும் அவுட்தான்.

எறிஞ்ச பந்து வேலிக்கு அந்தப் பக்கம் போயிடுச்சு. எத்தனை பேஸ்?

ஃபீல்டர் எறிந்தது வெளியே போனால் இரண்டு பேஸ், பந்து கையை விட்ட நேரத்தில் கடைசியாக எந்தப் பேஸைத் தொட்டிருந்தாளோ அங்கிருந்து கணக்கு. ஃபர்ஸ்டுக்கும் செகண்டுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தவளுக்குத் தேர்ட். பிட்சர் போட்ட பந்தே வெளியே போனால் ஒரு பேஸ்தான். கோச் கையைப் பிடித்து இழுத்தோ தள்ளியோ அனுப்பினால் ரன்னர் அவுட், அதனால்தான் நான் ஃபர்ஸ்டில் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

மூணாவது அவுட் ஆன அதே நேரத்துல ஒருத்தி ஹோமுக்கு வந்துட்டா. ஒரு தடவ ரன் உண்டுங்கறாங்க, ஒரு தடவ இல்லங்கறாங்க. எது சரி?

இரண்டுமே சரியாக இருக்கலாம். மூன்றாவது அவுட் ஃபோர்ஸாக இருந்தால், அல்லது பேட்டர் ஃபர்ஸ்டைத் தொடும் முன் அவுட் ஆனால், யார் எப்போது ஹோமைத் தொட்டிருந்தாலும் ரன் கிடையாது. மூன்றாவது அவுட் தொட்டு எடுத்ததாக இருந்தால் நேரம்தான் கணக்கு: தொடுவதற்கு முன் ஹோமை மிதித்திருந்தால் ரன் உண்டு. ஃபர்ஸ்ட்-தேர்டில் துரத்தப்படுகிறவள் இரண்டு அவுட் இருக்கும்போது ஒரு நொடி கூடுதலாகத் தப்பித்திருக்க வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். ஹோமுக்கு வருகிறவளும் கடைசி நாலு எட்டைக் குறைத்து ஓடக் கூடாது.

இதில் எல்லாரும் தடுமாறுகிற ஒன்று. ஒரு அவுட், ஃபர்ஸ்டிலும் தேர்டிலும் ஆள். ஃப்ளை பாலைப் பிடித்துவிட்டார்கள், அது இரண்டாவது அவுட். தேர்டில் இருந்தவள் பேஸைத் தொட்டு முறையாகக் கிளம்பி ஹோமை மிதித்துவிட்டாள். ஃபர்ஸ்டில் இருந்தவள் முன்னாலேயே ஓடிவிட்டாள், அவள் திரும்புவதற்குள் பந்து ஃபர்ஸ்டுக்கு வந்து மூன்றாவது அவுட். பேஸை மிதித்து எடுத்ததால் இதை ஃபோர்ஸ் என்று நினைத்து ரன்னை அழித்துவிடுவார்கள், ஸ்கோர் எழுதுகிறவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆனால் பேட்டர் அவுட் ஆன பிறகு அவளை எந்தப் பேஸுக்கும் யாரும் தள்ளவில்லை, இது ஃபோர்ஸ் இல்லை. பந்து ஃபர்ஸ்டுக்கு வரும் முன் ஹோமை மிதித்திருந்தால் ரன் உண்டு. அப்படி நடந்தால் கோச்சிடம் சொல்லுங்கள், அவர் டைம் கேட்டு அம்பயரிடம் மரியாதையாக விசாரிப்பார், அடுத்த பந்து போடுவதற்குள் கேட்டாக வேண்டும்.